வாசலில் போட்ட கையெழுத்து

வீடு,
திங்கட்கிழமை.

அன்புள்ள பாசிக்காரிக்கு,

உன் சார் வீட்டு அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் இறைவனிடம் கேட்கிறேன். இந்த வாரம் அதோடு இன்னொன்றும் சேர்த்துக் கேட்கிறேன். அது என்னவென்று கீழே வரும், அவசரப்பட்டு அங்கே தாவாதே.

நீ கடற்பாசியை ஒட்டிக் காயவைத்து அனுப்பிய தாள்கள் நனையாமல் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் துறைக்கு எடுத்துப்போன சார், ஒன்றை மட்டும் வீட்டு மேசையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்தச் சிவப்பைப் பாருங்க. எந்தக் கம்பெனிக்காரனாலயும் இந்தச் சாயத்தைக் காய்ச்ச முடியாது" என்கிறார். எனக்கு அது காய்ந்த வெங்காயத் தோல் மாதிரிதான் தெரிகிறது. சொல்லவில்லை. நீ பாசி சேர்க்கப் போயிருக்கிற தீவுக்கு வாரம் ஒரு படகுதான், அங்கே போனும் எடுக்காது என்று தெரிந்திருந்தும் தினமும் வாசலைப் பார்த்து, "லெட்டர் ஏதாவது வந்துச்சா?" என்கிறார். கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி செய்தித்தாளைப் பிரித்துக்கொள்கிறார்.

பார்சலில் ஸ்வெட்டர், இருமல் மருந்து, ஊசி நூல், டார்ச்சுக்கு பேட்டரி வைத்திருக்கிறேன். பட்டியல் உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு எழுது. ஏதாவது குறைந்தால் தபால் நிலையத்தில் போய்க் கேட்பேன். என்னைப் பார்த்தாலே அந்தக் கவுண்டர்காரர் எழுந்து உள்ளே போய்விடுகிறார், ஆனாலும் கேட்பேன்.

இப்போது விஷயம். அடுத்த வாரம் பல்கலைக்கழகக் கல்விக்குழு கூடுகிறது. எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பிருந்தால் சிரித்துக்கொள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், சாரைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு அவர் தாள்களை அடுக்கி அடுக்கியே எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். நிகழ்ச்சி நிரலில் ஒரு புதுத் தீர்மானம் வந்திருக்கிறது. சாரின் தாவரவியல் துறையை மூடி, புதிதாக வருகிற உயிர்த்தொழில்நுட்பப் புலத்தோடு சேர்த்துவிடுவார்களாம். மாணவர்கள் குறைவு, பணம் கொண்டுவருகிற ஆராய்ச்சி இல்லை என்று காரணம். அது போகட்டும். அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருக்கிறது. ஓய்வுபெற இரண்டு வருஷத்துக்குள் இருக்கிற பேராசிரியர்கள் இனிமேல் ஆராய்ச்சி மாணவர்களுக்கு நெறியாளராக இருக்க முடியாது. அவர்களிடம் இருக்கிற மாணவர்கள் புதுப் புலத்தில் வேறொருவர் பெயருக்கு மாற வேண்டும். சம்மதக் கையெழுத்துப் போடாத மாணவருக்குப் பதிவு ரத்து.

சாருக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான். சாரிடம் இருக்கிற மாணவி நீ ஒருத்திதான். யாரை நினைத்து எழுதிய வரி என்று கேட்டால், "யாரையும் நினைச்சு எழுதல, எல்லா இடத்துலயும் இப்படித்தான்" என்கிறார்களாம். யாரையும் நினைக்காமல் எழுதியிருந்தால் அது இன்னும் மோசம் இல்லையா?

நீ பயப்படாதே. நம் வீட்டில் நேற்று பெரிய ஆலோசனை நடந்தது. இயற்பியல் துறைப் பேராசிரியர் வந்தார். அவரைத்தான் எல்லோரும் சட்டப்புலி என்பார்களே, அவர். விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர். "ஓட்டுக்கு விட்டா ரெண்டு மூணு பேர்ல தோத்துருவோம் சார். ஆனா நாம எல்லாரும் எழுந்து வெளிய வந்துட்டா கோரம் விழுந்துரும். கோரம் இல்லேன்னா கூட்டமே இல்ல. இந்தக் கூட்டத்துல தப்பிச்சுட்டா இதே தீர்மானத்தை மறுபடி அடுத்த வருஷம்தான் கொண்டுவர முடியும். அதுக்குள்ள உங்க பொண்ணு தீசிஸைக் கட்டிக் கொடுத்துருவா" என்றார். கோரம் என்றால் கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்ற கணக்கு. வேதியியல் துறை அம்மா மட்டும், "உட்கார்ந்து எதிர்ப்போமே, தோத்தாலும் எதிர்த்தோம்னு மினிட்ஸ்ல ஏறுமே" என்றார். சட்டப்புலி, "ஏறி? ஃபிரேம் போட்டு மாட்டிக்கவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சாருக்குத்தான் மனசில்லை. ஒரு பேச்சு எழுதி வைத்திருக்கிறார். அடுப்படியில் நின்று எனக்குப் படித்துக் காட்டினார். கரைக்கும் கடலுக்கும் நடுவில் வளர்கிறதைப் பற்றி, உன்னைப் பற்றி, நல்ல பேச்சு. வெளிநடப்புச் செய்தால் பேச முடியாதே என்று அவருக்கு வருத்தம். "பேச்சை அப்புறமா அச்சுப் போட்டுக் கொடுத்துக்கலாம் சார், முதல்ல பொண்ணைக் காப்பாத்துவோம்" என்றார் சட்டப்புலி. சார் தலையை ஆட்டிவிட்டுத் தாளை மடித்தார்.

ஆகவே இறைவனிடம் நான் சேர்த்துக் கேட்கிறது என்னவென்றால், கோரம் விழட்டும் என்று. கேட்கும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. உலகத்தில் எத்தனை பேர் எத்தனை கஷ்டத்தைச் சொல்லி அழுதுகொண்டிருக்கும்போது, இந்த அம்மாவுக்கு என்ன வேண்டுமாம் என்று அவன் யோசிக்கக்கூடும்.

பாறையில் வழுக்கும். பார்த்து நட.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா.

*

வீடு,
ஞாயிறு காலை.

அம்மாடி,

இந்தக் கடிதத்தை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தீர்மானம் நிறைவேறிவிட்டது. முதலிலேயே சொல்லிவிட்டேன். நீ கடைசிவரை படித்துத் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

நடந்ததைச் சார் வாயால் கேட்டது கொஞ்சம், வேதியியல் அம்மா சொன்னது மீதி. மன்றத்து வாசலில் ஒரு மேசை. அதில் வருகைப் பதிவேடு, பக்கத்தில் டீயும் பிஸ்கட்டும். வருகிறவர்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். எத்தனையோ வருஷமாக அதுதான் பழக்கமாம். அன்றைக்கும் எல்லோரும் அப்படியே போட்டார்கள், சார் உட்பட.

தீர்மானத்தைப் படித்ததும் சட்டப்புலி எழுந்து, இது ஜனநாயகப் படுகொலை என்று முழங்கினார். நம் பக்கத்தவர் எல்லோரும் எழுந்து வெளியே நடந்தார்கள். நாற்காலிகள் தரையில் இழுபட்ட சத்தம் காம்பவுண்டு வரைக்கும் கேட்டதாம். வரலாற்றுத் துறைப் பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப மறந்துவிட்டார்கள். நம் பக்கத்தில் கடைசிவரை உள்ளே இருந்தவர் அவர் ஒருவர்தான். தீர்மானம் நிறைவேறி மீதிப் பேர் மேசையைத் தட்டியபோது, அந்தச் சத்தத்தில் விழித்து அவரும் தட்டினாராம்.

இது தெரியாமல் இவர்கள் கேன்டீனில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். சார்கூடச் சிரித்தாராம். அப்போது புதுப் புலத்தின் டீன் அந்தப் பக்கமாக வந்தார். உனக்குத்தான் தெரியுமே, சாரிடம் படித்து, நம் வீட்டில் சாப்பிட்டு, என்னை அக்கா என்று கூப்பிடுகிற அதே பிள்ளைதான். தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். நின்று, சாரின் முகத்தைப் பார்க்காமல், "பாஸாயிடுச்சு சார்" என்றார். சட்டப்புலி, "கோரமே இல்லாம எப்படிய்யா பாஸாகும்?" என்று எகிறினார். கோரத்தை ஆள் தலையை வைத்து எண்ணுவதில்லையாம். வருகைப் பதிவேட்டை வைத்துத்தானாம். வாசலில் கையெழுத்துப் போட்டவர் கூட்டம் முடிகிற வரைக்கும் உள்ளே இருப்பதாகத்தான் கணக்காம். டீன் அதைச் சொல்லிவிட்டு, போகும்போது மெதுவாக, "நீங்க உள்ளேயே இருந்திருக்கலாம் சார். ரெண்டு பேர் தயங்கிட்டுதான் இருந்தாங்க. நீங்க பேசியிருந்தா உங்க பக்கம் வந்திருப்பாங்க" என்றாராம்.

பேச்சு எழுதிய தாள் அப்போது சாரின் சட்டைப் பையில்தான் இருந்தது. துவைக்கப் போடும்போது எடுத்து வைத்தேன்.

நேற்று மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, வந்தது. "வருகை தந்த உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாக நிறைவேற்றினர்" என்று போட்டு, கீழே வருகை தந்தவர்கள் பெயர். சாரின் பெயரும் அதில் இருக்கிறது, பதவியோடு. தாவரவியல் துறையை மூடுவதற்குத் தாவரவியல் துறைத்தலைவர் சம்மதம். உன்னை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதற்கு உன் நெறியாளர் சம்மதம். சார் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் படித்தேன். மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அவர், "டீ இருக்கா?" என்றார்.

சட்டப்புலி சாயங்காலம் வந்தார். உள்ளே வராமல் கேட்டிலேயே நின்று, "அண்ணி, சார் இருக்காரா?" என்றார். சார் அறையிலிருந்து, தலைவலி என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அவரும் புரிந்துகொண்டார், ஆனால் போகவில்லை. "பழைய விதியில தலையைத்தான் எண்ணணும் அண்ணி. நடுவுல திருத்திட்டாங்க. நான் கவனிக்கல" என்றார். எந்தக் கூட்டத்தில் திருத்தினார்கள் என்று நான்தான் கேட்டேன். அவர் கேட்டின் தாழ்ப்பாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கும் நான் வெளிநடப்பு பண்ணிட்டேன் அண்ணி" என்றார். அவர் மேல் கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. நாளெல்லாம் ஒன்றும் சாப்பிடாத மாதிரி இருந்தார்.

இன்னும் ஒரு வாசல் இருக்கிறதாம். மினிட்ஸை அடுத்த கூட்டத்தில் படித்து உறுதி செய்ய வேண்டும். பரீட்சையெல்லாம் முடிந்ததும் கூடுகிறார்கள். அங்கே எழுந்து, நான் சம்மதிக்கவில்லை, திருத்துங்கள் என்று சார் கேட்கப் போகிறார். ஒருவர் இல்லை என்று சொன்னால்கூட அது ஒருமனது இல்லையே. திருத்தினால் தீர்மானத்தைத் திரும்ப எடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறார். அதுவரை எந்தக் காகிதம் வந்தாலும் நீ கையெழுத்துப் போடாதே என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

இறைவன் மேல் எனக்கு வருத்தமில்லை. கோரம் விழட்டும் என்றுதானே கேட்டேன். நம் ஆட்கள் வெளியே வந்ததும் அவன் வேலை முடிந்தது என்று விட்டிருப்பான். பதிவேட்டைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லையே.

அம்மா.

*

வீடு,
வெள்ளிக்கிழமை.

என் கண்ணே,

உன் கடிதம் வந்தது. பேட்டரி ஒன்று குறைவு என்று எழுதியிருக்கிறாய். கேட்கிறேன்.

சார் பெயர் இல்லாத பட்டம் எனக்கு வேண்டாம், அந்தச் சம்மதக் காகிதத்தைக் கிழித்துக் கடலில் போடப் போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கூட்டம் நேற்று முன்தினம் முடிந்தது. மினிட்ஸைப் படித்ததும் சார் எழுந்தார். யாரும் கூட எழவில்லை, எல்லோரையும் அவர்தான் உட்காரச் சொல்லியிருந்தார். நான் சம்மதிக்கவில்லை, ஒருமனதாக என்ற வார்த்தையை எடுத்துவிட வேண்டும் என்றார். பதிவாளர் விதியைப் புரட்டி வாசித்தார். ஒரு தீர்மானம் நிறைவேறியபோது அறையில் இருந்தவர்தான் அதைப் பற்றிய குறிப்பு தவறு என்று சொல்லலாமாம். "நீங்க அப்போ அறையில இருந்தீங்களா சார்?" என்று கேட்டார். சார் இல்லை என்றார். "அப்போ தப்புன்னு நீங்க எப்படி சார் சொல்ல முடியும்?" "இல்லாதவன் பேரு அதுல எப்படி வந்தது?" "கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்."

யாரும் சிரிக்கவில்லையாம். துணைவேந்தர் மிகவும் மரியாதையாக, பேராசிரியரின் உணர்வைப் புரிந்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போனாராம். அடுத்த பொருள் விடுதிக்குப் புது வண்ணம் அடிப்பது.

வேதியியல் அம்மா வந்து இதைச் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக் கணக்கில் ஒரு தொகை வரவில் இருக்கும், அல்லது செலவில் இருக்கும். சம்மதம் என்று எழுதும்போது அவர் உள்ளே இருந்தார். இல்லை என்று சொல்லும்போது வெளியே இருந்தார். இப்படி ஒரு மனிதரை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அந்த அம்மா அழுதார். நான் சமாதானம் சொன்னேன். எதைச் சொன்னேன் என்று நினைவில்லை.

டீனும் வந்தார். பழம் வாங்கிக்கொண்டு, செருப்பை வெளியே நேராகக் கழற்றி வைத்துவிட்டு, மாணவனாக வந்த நாளில் உட்கார்ந்த அதே ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சார் அவருடைய அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது டீன் அடுப்படிக்கு வந்து, "அக்கா, இதை நான் கொண்டுவரலேன்னா புலத்துக்கு வர்ற பணத்தையே நிறுத்தியிருப்பாங்க. அவளை என் பேருக்கு மாத்தினாலும் அவ தீசிஸ்ல நான் ஒரு வரியத் தொட மாட்டேன். எல்லாம் சார்தான் பார்க்கணும். பேரு மட்டும்தான் என்னோடது" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். திட்டி அனுப்புகிற மாதிரி ஒரு வார்த்தையாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பழத்தைக் கழுவி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

துறையில் பாசித் தாள் அலமாரிகளை நடைபாதைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த அறைக்கு ஏதோ இயந்திரம் வருகிறதாம், தரைக்கு அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அலமாரிக்கு மேலே ஏசிக் குழாய் சொட்டுகிறது. சார் தினமும் போய் ஒரு பழைய துண்டை மடித்து மேலே வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டு வருகிறார். முதல் வருஷப் பிள்ளைகள் அவரை யாரோ பொருள் எடுத்துப்போக வந்தவர் என்று நினைத்து, "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க" என்றார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

உன் கடிதத்தை அவரும் படித்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்ற இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். "பைத்தியக்காரி" என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குளிக்கப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வீணாவதைப் பொறுக்காதவள் நான், உனக்குத் தெரியும். அன்றைக்குக் கதவைத் தட்டவில்லை.

வெளியே வந்து, "அவளைப் போடச் சொல்லி எழுதிடு" என்றார். நீங்களே எழுதுங்களேன் என்றேன். உட்கார்ந்தார். உன் பெயரை எழுதி, கமா போட்டு, அப்படியே பேனாவை மூடினார். அந்தத் தாளை அவர் பார்க்காதபோது எடுத்துவிட்டேன். அவரால் அதற்குமேல் எழுத முடியாது, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

கண்ணே, கையெழுத்துப் போடு. கூட்டம் முடிந்த நாளிலிருந்து அவர்கள் கொடுத்த பதினைந்து நாள் கெடுவில் படகுக்கே பாதி போய்விடும், ஆகவே இதைப் படித்த அன்றைக்கே போடு. உன் கோபம் நியாயம். நியாயம் என்று நான் சொல்லி என்ன ஆகப் போகிறது? நீ போடாவிட்டால் அங்கே யாருக்கும் ஒரு குறையும் வராது. பதிவு ரத்து என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். சாரின் பெயர் உன் தீசிஸ் அட்டையில் வராமல் போனால் அவர் தாங்கிக்கொள்வார். நாலு வருஷம் நீ அலையில் நின்று சேர்த்தது ஒன்றுமில்லாமல் போனால் தாங்க மாட்டார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் சொல்கிறேன்.

நான் தினமும் பிரார்த்திக்கிறேன். ஆனால் என்ன கேட்பது என்று இப்போது தெரியவில்லை. கண்ணை மூடி நிற்கிறேன், அவ்வளவுதான். அவனுக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன்.

சம்மதக் காகிதத்தைப் பதிவாளருக்கு நேராக அனுப்பிவிடு, நம் வீட்டுக்கு அனுப்பாதே. அதே படகில் சாருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அதில் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். வருத்தப்படாதீர்கள் என்றும் எழுதாதே. உன் பாசியைப் பற்றி ஒரு சந்தேகம் கேள். உனக்கு விடை தெரிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, தெரியாதவள் மாதிரி கேள். ஒரே நாளில் பதில் எழுதி முடித்துவிட முடியாத அளவுக்கு, புத்தகமெல்லாம் இறக்கிப் பார்க்க வேண்டிய அளவுக்குப் பெரிய சந்தேகமாக இருக்கட்டும்.

கடல் உன்னைக் குறையில்லாமல் எங்களிடம் திருப்பித் தர வேண்டும்.

சீக்கிரம் எழுது,
அம்மா.